வாராதார் வாக்கும் நீதியும்

சிலர் செய்த குற்றத்தின் பயனை அழிக்க முற்படும் நீதி, அக்குற்றத்திற் பங்குகொள்ளாதோரின் உரிமையையும் சேர்த்து அழிக்கலாமா? அறவியலின் இப்பழைய வினா, ஐக்கிய அமெரிக்காவின் மியாமி நகர முதல்வர் தேர்தல் வழக்கிற் கூர்மை பெற்றது.

1997 நவெம்பர் 4 ஆந் திகதி நடைபெற்ற அத்தேர்தலில், வாக்களிப்பு நிலையங்களில் இடப்பட்ட வாக்குகளை மட்டும் கொண்டால் ஜோ கரோலோ அரைப்பங்குக்கு மேல் பெற்றிருந்தார். அஞ்சல் வாக்குகள் சேர்ந்ததும் அப்பெரும்பான்மை நழுவியது. நவெம்பர் 13 இல் நடந்த இரண்டாஞ் சுற்றிற் சேவியர் சுவாரெஸ் வெற்றியீட்டினார். நகருக்கு வெளியே வதிவோர் நகர முகவரி காட்டி வாக்களித்தமையும், களவாடப்பட்ட வாக்குச்சீட்டுகளும், பொய்ச் சாட்சிக் கையொப்பங்களும் விசாரணையில் வெளிப்பட்டன. 1998 மார்ச்சில் விசாரணை நீதிமன்றம் மறுதேர்தலுக்குக் கட்டளையிட்டது. சில நாட்களில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றி, ஏறத்தாழ 5,000 அஞ்சல் வாக்குகளையும் முற்றாக நீக்கி, கரோலோவை முதல்வராக்கியது.

நேரில் வந்து வாக்களிப்பது உரிமை, வாராது வாக்களிப்பது சட்டம் அளித்த சலுகை என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. மோசடிக்கு மறுதேர்தலே விளைவெனின் மோசடிக்காரர் இழப்பது யாதுமில்லை என்ற அதன் நியாயமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. உறையினின்று பிரிந்த வாக்குச்சீட்டுகளுள் நல்லதையும் கள்ளதையும் பின்னர் வேறுபடுத்தலும் அரிது.

எனினும், வதிவிட விதியின் நோக்கம் யாது? ஊரின் நன்மை தீமைகளைச் சுமப்போரே அதன் ஆட்சியைத் தீர்மானித்தல் வேண்டும் என்பதன்றோ? நோயாலோ முதுமையாலோ வீட்டைவிட்டு நீங்கவியலாத நகரவாசி அச்சுமையைச் சுமப்பவர். பொய் முகவரி காட்டிய அயலூரார் சுமவாதவர். தீர்ப்போ இருவரையும் ஒரே தட்டில் நிறுத்தியது. விதியை மீறியவருக்கு நேர்ந்த இழப்பே, அதற்கு அமைந்து நடந்தவருக்கும் நேர்ந்தது.

சலுகையை அளிப்பதும் அளியாது விடுவதும் அரசின் விருப்பமாகலாம். அளித்தபின் அதனைக் காத்தல் அரசின் கடன். அதனை நம்பி வாக்களித்தவர், காவல் தவறியமைக்குப் பொறுப்பாளியல்லர். மோசடிக்காரரைத் தண்டிக்கக் குற்றவியற் சட்டம் உண்டு. மறுதேர்தலின் செலவும் அலைச்சலும் நகரத்தார் அனைவர்மீதும் பரந்து விழுவன; வாக்கு நீக்கமோ, நேரில் வரவியலாத சிலர்மீது மட்டும் விழுவது. பொதுக் குறையின் சுமையை வலுக்குறைந்தோர் தலையில் ஏற்றி விரைவிற் கிடைக்கும் முடிவு, சட்டத்துக்கு அமைந்ததாயினும் நீதியின் நிறைவாகாது.