பாட்டை இழந்தும் பணியாதவர்

சரி என்று தெரிந்த ஒன்றுக்காக எதையெல்லாம் இழக்கலாம்? பணம் போகலாம், பதவி போகலாம். உயிராய் நேசிப்பதே போய்விடும் என்றால்? இந்தக் கேள்வி மனத்தில் எழும்போதெல்லாம் ஜெர்மனியின் புனித ஹில்டெகார்டை நினைத்துக்கொள்கிறேன்.

1098இல் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோர் அவரைத் துறவுக்கு ஒப்படைத்தார்கள். பின்னாளில் ரைன் நதிக்கரையில், பிங்கன் நகருக்கு அருகே, ரூபர்ட்ஸ்பெர்க்கில் தாமே ஒரு கன்னியர் மடத்தை நிறுவினார். இறைக்காட்சிகளை எழுதினார், மருத்துவம் எழுதினார். எழுபதுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசை அமைத்தார். அவருடைய இசை நாடகத்தில் நற்பண்புகள் எல்லாம் பாடும். சாத்தானுக்கு மட்டும் பாட்டு கிடையாது, கத்தத்தான் முடியும். இசை இல்லாத இடத்தை அவர் சாத்தானின் இடமாகத்தான் கண்டார்.

1178இல், எண்பது வயதில், சோதனை வந்தது. மடத்துக் கல்லறையில் ஒருவரை அடக்கம் செய்திருந்தார்கள். ஒருகாலத்தில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர். ஆனால் மன்னிப்புப் பெற்று, நற்கருணை வாங்கித்தான் இறந்தார். மைன்ஸ் மறைமாவட்டக் குருக்கள் அதை ஏற்கவில்லை. உடலைத் தோண்டி வெளியே எறியுங்கள், இல்லையேல் மடத்தில் திருப்பலியும் இல்லை, பாட்டும் இல்லை என்றார்கள்.

ஹில்டெகார்ட் தோண்டவில்லை. யாரும் அடையாளம் காணாதபடி கல்லறையின் தடயத்தையே அழித்தார். தண்டனையையோ முழுமையாக ஏற்றார். கன்னியர்கள் நற்கருணை இல்லாமல் இருந்தார்கள். செபங்களைத் தாழ்ந்த குரலில் வாசித்தார்கள். பாட்டு நின்றது.

அவர் அதோடு ஓயவில்லை. மைன்ஸ் குருக்களுக்குக் கடிதம் எழுதினார். பாவத்தில் விழுமுன் ஆதாமுக்கு இருந்த குரலை மனிதருக்கு நினைவூட்டுவது இசை, தக்க காரணமின்றி அதை அடக்குபவர்கள் விண்ணகப் புகழ்ப்பாடலில் இடம் இழப்பார்கள் என்று எச்சரித்தார். 1179 மார்ச்சில் மைன்ஸ் பேராயர் கிறிஸ்டியான் தடையை நீக்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 17இல் ஹில்டெகார்ட் இறந்தார். 2012இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரை மறைவல்லுநராக அறிவித்தார்.

ஹில்டெகார்ட் யாருக்காக இத்தனையும் தாங்கினார் என்பதுதான் என்னை உலுக்குகிறது. செத்தவர் நன்றி சொல்லப்போவதில்லை, கைம்மாறு செய்யப்போவதில்லை, தனக்காக வாதாடவும் முடியாது. மடமே பட்டினி கிடந்ததுபோல் மாதக்கணக்கில் தவித்தது அப்படிப்பட்ட ஒருவருக்காக. நம்மில் பலர் மறுப்போம், ஆனால் அதன் விளைவிலிருந்து நழுவப் பார்ப்போம். சிலர் விளைவைத் தாங்குவோம், ஆனால் வாய் திறக்க மாட்டோம். ஹில்டெகார்ட் மறுத்தார், தாங்கினார், பேசினார்.

தனக்காகப் பேச முடியாத ஒருவரைக் கைவிடச் சொல்லி நமக்கும் ஒருநாள் உத்தரவு வரலாம். வீட்டிலிருந்து வரலாம், அலுவலகத்திலிருந்து வரலாம், நாம் மதிக்கும் பெரியவர்களிடமிருந்தே வரலாம். அன்று செய்ய மாட்டேன் என்று சொல்லுங்கள். வருவதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏன் மறுத்தீர்கள் என்பதை அவர்களுக்கே எழுதிக் கொடுங்கள்.