மாணாக்கர் நாள்வழக்கமும் மனநலமும்

கல்லூரிகளிற் பயிலும் இளைஞர் சிலர், காரணம் புலப்படாத சோர்வும் அச்சமும் உறக்கமின்மையும் உற்று வருந்துதலை இந்நாளிற் பலரும் காண்கின்றனர். சுற்றத்தாருட் சிலர், 'இஃது அவன் வினை' என்று கூறி வாளா இருப்பர். வேறு சிலர், 'இஃது அவன் ஒழுக்கக்குறை' என்று கடிந்துரைப்பர். இவ்விரு கூற்றும் சித்தாந்த நெறிக்கு ஒக்குமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் மனமாவது யாதெனத் தெளிதல் வேண்டும். மனம் உயிரன்று. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணம் நான்கும் மாயையின் காரியமாய 36 தத்துவங்களுள் அடங்குவன, சடமாவன. கண் உயிர்க்குக் கருவியாதல் போல மனமும் கருவியே. கருவியாகலின் அது தளர்தலும் பழுதுறுதலும், பேணுவார் பேணத் திருந்துதலும் உடைத்து. மனம் நோயுற்றானைக் குற்றவாளி எனல், கண் நோயுற்றானைக் குற்றவாளி எனலோடு ஒக்கும்.

இனி, அக்கருவியைப் பேணுமாறு யாங்ஙனம் எனின், அவத்தைகளை நம் ஆசிரியர் வகுத்த முறையே வழிகாட்டும். நனவில் 35 கருவிகளும் கனவில் 25 கருவிகளும் தொழிற்படும். சுழுத்தி எனப்படும் உறக்கத்திலோ சித்தம், பிராணன், புருடன் என்னும் மூன்றே எஞ்சும். கனவினும் உழலும் மனம் சுழுத்தியிலேயே ஓய்வு பெறுகின்றது என்பது இதனாற் பெறப்படும். இறைவனது ஐந்தொழிலுள் அழித்தலும், பிறந்திறந்து இளைத்த உயிர்களின் இளைப்பொழித்தற் பொருட்டே என்பது சித்தாந்தத் துணிபு. ஊழிக்காலத்து அருளப்படும் அவ்வோய்வின் சிறு நிழலாக நாடோறும் வருவது இரவின் உறக்கம். நள்ளிரவு கழியுமளவும் கைப்பேசியின் ஒளியில் விழித்திருப்பான், அருளால் வரும் ஓய்வினைத் தானே புறந்தள்ளுகின்றான்.

இக்கால மருத்துவ நூலாரும் இதனோடு மாறுபடார். 18 முதல் 25 வரையான அகவையினர்க்கு நாடோறும் 7 முதல் 9 மணி நேர உறக்கம் வேண்டுமென அமெரிக்கத் தேசிய உறக்க அமைப்பு 2015ஆம் ஆண்டில் வரையறுத்தது. இரவில் மிக்க ஒளி கண்ணிற் படுதலால், உறக்கத்திற்கு உடலை ஆயத்தமாக்கும் மெலட்டோனின் என்னும் சுரப்பு காலந்தாழ்க்கும். உறக்கக்குறை மனச்சோர்வை வளர்க்கும். மனச்சோர்வு உறக்கத்தைக் கெடுக்கும். கிழமைதோறும் 150 முதல் 300 நிமிடங்காறும் மிதமான உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. வைகறைத் துயிலெழுதல், திருவலகிடுதல், மலர் கொய்தல், கோயிலை வலம்வருதல் ஆகிய சரியைத் தொண்டுகளில் உடலுழைப்பும் காலைப்பொழுதின் ஒளியும் அடியார் கூட்டமும் ஒருங்கே அமைதல் காண்க. படிகம் அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுதல் போலச் சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பாகலின், நாடோறும் சாரும் வழக்கம் எளிய பொருளன்று.

அற்றேல், 'பிராரத்தம் நுகர்ந்தே கழிப்பதாகலின் பேணுதலாற் பயன் என்னை?' எனக் கடாவுவார்க்குத் திருஞானசம்பந்தப் பெருமானே விடையிறுத்தருளினார். கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைப் பனிநோய் பற்றியபோது, வினையென்று சொல்லி உய்யும் நெறி நாடாதிருத்தல் குறையாம் என்று உணர்த்தித் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச்செய்தார். வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்குத் துணையாவது. பிறர் துன்பத்தைக் கண்டும் காணாதிருத்தற்கு அதனைக் கருவியாக்கல் பெரும்பிழை.

நாள்வழக்கம் ஒன்றே எல்லா மனநோய்க்கும் மருந்தாம் என்று கொள்ளற்க. கல்விக்கடனும், தேர்வச்சமும், பிறப்புப் பற்றி இழித்துரைக்கப்படுதலும் உறக்கத்தால் நீங்குவன அல்ல. அவற்றை நீக்குங் கடப்பாடு பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரியது. நோய் முதிர்ந்தவழி மருத்துவரை அடைதல் இறையன்புக்கு இழுக்காகாது. மருத்துவன் வழியாக வருவதும் அவனருளே. இந்திய அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவி, 14416 என்னும் எண்ணிற் கட்டணமின்றிக் கிடைக்கின்றது. இதனை மாணாக்கர்க்கு அறிவித்தலும் அறமே.

அவர்பால் நாம் ஒழுகுமாற்றைத் திலகவதியார் பாற் கற்றல் தகும். சூலையால் வருந்தித் திருவதிகை புக்குத் தம் அடியில் வீழ்ந்த தம்பியாரை அவ்வம்மையார் இகழ்ந்து ஒதுக்கினாரல்லர். இரங்கி எழச்செய்து, திருநீறு அளித்தார். பின்னர் வைகறையில் திருவலகும் மெழுக்கும் தோண்டியும் கொண்டு, தம்பியாரையும் உடன்கொண்டு திருக்கோயில் புக்கார். நல்வழக்கத்தை ஏவுதலினும் உடன்செல்லுதலே சிறந்தது. விடியலில் எழுக என்று மகனை ஏவும் தந்தையார், தாமும் எழுந்து அவனோடு நடப்பாராக. அவன் உறங்காத இரவுகளிற் கடியாது, காரணத்தை அன்புடன் வினவுவாராக.

திருச்சிற்றம்பலம்.