திரும்பி வந்த கதை

மாயாஜாலக் கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறோம். திரும்பி வந்தால் வலிக்கும். உடனே, "கீதை சொன்ன மாதிரி பலனை எதிர்பார்க்காமத்தான் எழுதினேன்"னு சொல்லிக்கிறோம். இது பற்றின்மையா, இல்ல தப்பிக்கிற வழியா?

"மாயாஜாலம்னா யாரு போடுவா?" என்பதும் சாக்குதான். கடவுள் சென்னைக்கு வரும் புதுமைப்பித்தன் கதையை 1943-இல் கலைமகள் வெளியிட்டது.

1950-இல் நம் நாட்டுத் தமிழ் நேசன் 'கதை வகுப்பு' நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் புதியவர்களுக்குச் சிறுகதை எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்து, கற்றுத் திருத்தக்கூடிய வேலை என்பதே அதன் பொருள்.

பலன் ஆசிரியர் கையில். திருத்துவது நம் கையில். நிராகரிப்பைத் தன்மேல் விழுந்த அடியாக நினைக்காதவருக்குத்தான் கதையின் குறை தெரியும். அந்தத் தெளிவுதான் பற்றின்மை. பினாங்கு நண்பர்களே, கணினியில் தூங்கும் கதையை எடுங்க. திருத்தி மறுபடி அனுப்புங்க.