பூமி தன் செய்திகளைச் சொல்லும் நாள்

ஜும்ஆ உரை – உளுந்தூர்பேட்டை

அல்ஹம்துலில்லாஹ்! வானங்களையும் பூமியையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

நம்மில் பலருக்கும் மனப்பாடமாக இருக்கும் சிறிய அத்தியாயம் அஸ்ஸில்ஸால். பூமி உலுக்கப்படும் அந்நாளில், அது தன் செய்திகளை அறிவிக்கும் என்று அதன் 4-வது வசனம் சொல்கிறது. அது என்ன செய்தி? ஒவ்வோர் ஆணும் பெண்ணும் தன் மீது எந்த நாளில் என்ன செய்தார்கள் என்று பூமி சாட்சி சொல்லும் என நபி (ஸல்) அவர்கள் விளக்கிய ஹதீஸ் திர்மிதீயில் பதிவாகியிருக்கிறது.

மண்ணும் கல்லும் எப்படிச் சாட்சி சொல்லும் என்று மனம் கேட்கலாம். பேச வைப்பது அல்லாஹ்வின் ஆற்றல். ஆனால் கல்லும் நடந்ததைப் பதிந்து வைக்கும் என்பதற்கு ஓர் அத்தாட்சி அரபிக்கடலின் அடியில் இருக்கிறது.

கடலடியில் ஒரு பதிவேடு

இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே கடலுக்கு அடியில் ஒரு நீண்ட மலைத்தொடர் ஓடுகிறது. அதற்குக் கார்ல்ஸ்பெர்க் முகடு என்று பெயர். உலகக் கடல்களின் அடியில் சுமார் 65,000 கிலோமீட்டர் நீளத்துக்குச் செல்லும் மலைத்தொடரின் ஒரு பகுதி அது.

அந்த முகட்டின் நடுவில் கடல்தரை பிளந்து இரண்டு பக்கமும் விலகுகிறது. விலகும்போது, கீழே இருக்கும் சூடான பாறையின் மீதுள்ள அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்ததும் அதில் ஒரு பகுதி உருகி மேலே வருகிறது. கடல்நீர் பட்டுக் கரும்பாறையாக இறுகுகிறது. மறுபடி பிளவு, மறுபடி புதிய பாறை. முன்பு உண்டான பாறை இரு பக்கமும் நகர்ந்துபோகிறது. வேகம் ஆண்டுக்குச் சுமார் 2 முதல் 3 சென்டிமீட்டர்தான். நம் விரல் நகம் வளரும் வேகத்தை ஒட்டியது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இப்படி நகர்ந்துதான் அரபிக்கடலின் தரை விரிந்திருக்கிறது.

அந்தப் பாறைக்குள் இரும்பு கலந்த நுண்ணிய துகள்கள் உண்டு. பாறை ஆறும் நேரத்தில் பூமியின் காந்தம் எந்தத் திசையில் இருக்கிறதோ, அதைத் தமக்குள் பதிந்துகொள்கின்றன. பூமியின் காந்தமோ நெடுங்காலத்துக்கு ஒருமுறை வடக்கு தெற்காகத் திரும்பும். கடைசியாகத் திரும்பியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. ஆகவே கடல்தரையில் ஒரு பட்டை ஒரு திசையையும், அடுத்த பட்டை எதிர்த்திசையையும் காட்டுகிறது.

1962-ல் ஓவன் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல் இந்த முகட்டின் மேலே சென்று காந்தத்தை அளந்தது. அந்த அளவுகளை வைத்துத்தான் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வைன், மேத்யூஸ் என்ற இருவர் 1963-ல் கடல்தரை விரிவதை விளக்கினார்கள். இருள் சூழ்ந்த கடலடியில், எவரும் பார்க்காத இடத்தில் எழுதப்பட்டது அழியாமல் இருந்தது. பிறகு ஒருநாள் வாசிக்கப்பட்டது.

இளைஞர்களே, ஒரு வார்த்தை. இந்த விஞ்ஞானத்தைத்தான் அந்த வசனம் சொல்கிறது என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். மறுமையின் சாட்சி மறைவான விஷயம். அதை ஈமானைக் கொண்டு ஏற்கிறோம். இது நமக்குப் படிப்பினை.

ஒரு சாண் நிலம்

நம் ஊர் சென்னை – திருச்சி சாலையிலிருந்து சேலம் சாலை பிரியும் ஊர். சாலையோர மனைக்கு விலை ஏறும்போது மனிதனுக்குள் ஆசையும் ஏறுகிறது. அல்லாஹ்வின் கட்டளைப்படி கடல்தரை ஆண்டுக்கு 3 சென்டிமீட்டர் நகர்கிறது. மனிதனோ ஒரே இரவில் பக்கத்து வயலின் வரப்பை ஒரு சாண் நகர்த்திவிடுகிறான். அத்தா மௌத்தானதும் தங்கையைக் கூப்பிட்டு, சீர் செய்தாயிற்று என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறான். அவள் கேட்டால் அண்ணன் உறவு போய்விடுமே என்று பயந்து போடுகிற கையெழுத்து மனப்பூர்வமான சம்மதமா? அன்னிஸா அத்தியாயம் பெண்ணுக்கும் பங்கை விதித்து, இவை அல்லாஹ்வின் வரம்புகள் என்கிறது.

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்ற நபிமொழி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. அதைக் கேட்டவர் ஸயீத் இப்னு ஸைத் (ரலி). சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். ஒரு பெண் அவர் மீது நில வழக்குப் போட்டபோது, இதைக் கேட்ட பிறகு நான் எப்படி எடுப்பேன் என்று சொல்லி, அந்த இடத்தையே விட்டுக்கொடுத்தார்.

சகோதரர்களே! பட்டாவை மாற்றலாம், சர்வே கல்லைப் பிடுங்கி நடலாம். பூமியிடம் இருக்கும் பதிவை மாற்ற முடியாது. யாருடைய பங்காவது நம் கையில் இருந்தால், நாம் உயிரோடு இருக்கும்போதே திருப்பிக் கொடுப்போம். இன்று தொழுகை முடிந்து வீட்டுக்குப் போனதும் அந்தத் தங்கைக்கு ஒரு போன் செய்யுங்கள்.

யா அல்லாஹ்! பிறர் உரிமையைச் சுமந்தவர்களாக உன்னைச் சந்திக்கும் நிலையிலிருந்து எங்களைக் காப்பாயாக. நாங்கள் ஸஜ்தா செய்த இடங்களை எங்களுக்குச் சாதகமான சாட்சியாக ஆக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.