துண்டு விழுவது யார் மேல்?

வரவை விஞ்சிச் செலவு நிற்கும்போது, 'துண்டு விழுகிறது' என்று கூறுவது நம் வழக்கு. அரசின் நிதிநிலை அறிக்கைக்கும் இச்சொல்லையே வழங்குகிறோம். அடுக்களை அலமாரியிலுள்ள பால் கணக்கு நோட்டுக்கும் இதையே வழங்குகிறோம். துண்டு விழாமல் குடும்பம் நடத்தும் வழிகளைச் சொல்லித்தர அறிஞர் பலர் உளர். ஆனால் நன்னெறி நோக்கில் நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று: விழுகின்ற அந்தத் துண்டு யார் மேல் விழுகிறது?

நடுவண் அரசு 2023-24இல் நடத்திய வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்தியச் சிற்றூர்களில் ஓர் ஆளுக்கு மாதம் சராசரியாக 4,122 ரூபாயும், நகரங்களில் 6,996 ரூபாயும் செலவாயின. அரசு இலவசமாக வழங்கும் பொருள்களின் மதிப்பு இதில் சேரவில்லை. நால்வர் அடங்கிய குடும்பத்திற்கு எனப் பெருக்கினால், சிற்றூரில் ஏறத்தாழ 16,500 ரூபாயும், நகரில் 28,000 ரூபாயும் வரும். இதில் உணவுக்கு மட்டும் சிற்றூரில் 47 விழுக்காடும் நகரில் 40 விழுக்காடும் போயின. வருவாய் குறையக் குறைய, அதில் உணவின் பங்கு கூடும் என்பதை எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற செருமானியப் புள்ளியியலாளர் 1857இலேயே பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்கிலிருந்து எடுத்துக்காட்டினார். அவர் கூறியது இன்றும் பொய்க்கவில்லை.

சராசரி என்பது பயனுள்ள எண்தான். ஆயினும் அது வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. மொத்தச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாக வகுத்துக் காட்டுகிறது. வாசலைத் தாண்டி உள்ளே சென்றால் அந்தச் சமம் இருக்கிறதா?

தொழிலாளிக்குரிய குறைந்த அளவுக் கூலியை வரையறுக்க, 1957இல் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு கணக்கு வகுத்தது. உழைக்கும் ஆண் ஓர் அலகு, மனைவி 0.8, இரு குழந்தைகள் தலைக்கு 0.6, ஆக மூன்று அலகுகள். உணவு, ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு ஆகியவை கணக்கில் வந்தன. குழந்தைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்கும் கூலியில் 25 விழுக்காடு இருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. தொழிலாளியின் கூலி அவன் குடும்பத்தையும் தாங்கவேண்டும் என்று திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1931இல் வலியுறுத்தியதும் இந்நோக்கிலேயே. ஆகவே, வீட்டில் துண்டு விழுந்தால் அதற்கு வீட்டாரின் ஊதாரித்தனமே காரணம் என்று எளிதில் தீர்ப்பிடுதல் தகாது. கூலி போதாத வீட்டில் சிக்கனத்தைப் போதிப்பது, பசித்தவனுக்கு நோன்பின் சிறப்பை விளக்குவது போன்றது.

எனினும் அந்த 1957ஆம் ஆண்டுக் கணக்கை மீண்டும் ஒருமுறை உற்றுநோக்குவோம். முதிய பெற்றோருக்கு அதில் இடமில்லை. நம் வீட்டுக் கணக்கிலும் அப்படித்தானோ?

வரவின் வழி சிறிதாயினும் செலவின் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்பது 'வலியறிதல்' அதிகாரத்தில் வள்ளுவர் தரும் கருத்து. வாய்க்காலில் நீர் குறைந்தால் என்ன நிகழும் என்பது காவிரிப் பாசனம் அறிந்த உழவருக்குத் தெரியும். தலைமடை வயல் எப்படியும் நனைந்துவிடும், காய்வது கடைமடை. குடும்பத்திலும் ஒரு கடைமடை உண்டு. பள்ளிக் கட்டணம் தப்பாது. தவறினால் பிள்ளை வகுப்புக்கு வெளியே நிற்கும். வாரத் தவணையும் தப்பாது. கேட்க ஆள் வருவார். தப்புவது எது? தாயின் இரத்த அழுத்த மாத்திரை. தாத்தாவின் கண் கண்ணாடி. 'பிறகு பார்ப்போம்' எனத் தள்ளிவைக்கப்படும் மகளின் மேற்படிப்பு. வாய்திறந்து கேளாதவர்மேல்தான் துண்டு விழுகிறது.

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதைக் கண்டது. அவ்வயது ஆண்களில் 25 விழுக்காடு. இதற்கு உடலியல் காரணங்களும் உண்டு என்பது உண்மையே. ஆயினும் எல்லாரும் உண்டபின் பானையில் எஞ்சியதை உண்பவர் யார் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

'தாய் விரும்பித்தானே விட்டுக்கொடுக்கிறாள்? அது தியாகமன்றோ?' என்று கேட்கலாம். தியாகம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருவர் மனமுவந்து தருவது வேறு. அவர் தருவார் என்று மற்றவர் வழக்கமாக எடுத்துக்கொள்வது வேறு. ஆலயக் காணிக்கைப் பெட்டியில் தன் பிழைப்புக்கான இரு காசுகளையும் இட்ட ஏழைக் கைம்பெண்ணை இயேசு போற்றினார். அவர் தாமே இட்டார். அவர் கையிலிருந்து எவரும் பறித்து இடவில்லை. தாயின் மாத்திரையைத் தவிர்த்து மிச்சம் பிடித்துவிட்டு, அதற்குத் தியாகம் என்று நாமே பெயர் சூட்டினால், அது அவள் செய்த தியாகமாகாது. நாம் செய்த அநீதியாகும்.

பக்தியின் பெயராலும் இது நிகழக்கூடும். பெற்றோருக்குத் தரவேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குரிய காணிக்கை, என்று சொல்லி அவர்களைக் கைவிட்டவர்களை ஆண்டவர் கடுமையாகக் கண்டித்தார் (மாற்கு 7). புதுநன்மை விழாவுக்குக் கடன்பட்டு விருந்து வைத்துவிட்டு, அக்கடனை முதியோரின் மருந்துச் செலவிலிருந்து அடைப்பதும் அவ்வகையதே. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் சம்பளத்தை 'அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்' என்று தள்ளிப்போடுவதும் அவ்வாறே. நம் துண்டை நம்மினும் எளியவர் வீட்டில் விழச்செய்கிறோம். ஏழையின் கூலியை அந்திக்குள் கொடுத்துவிடு என்று இணைச்சட்ட நூல் பணித்தது இதனாலன்றோ?

என்ன செய்யலாம்? மாதத்தின் முதல் வாரத்தில் ஒருநாள் மாலை, செபமாலை முடிந்தபின், வீட்டார் அனைவரும் கணக்கு நோட்டைச் சுற்றி அமரட்டும். வரவு எவ்வளவு, கடன் எவ்வளவு என்பது பிள்ளைகளுக்கும் தெரியட்டும். செலவை எழுதும்போது பொருளின் பெயரோடு ஆளின் பெயரையும் எழுதுவோம். இம்மாதம் யாருக்காக எவ்வளவு செலவாயிற்று? யாருடைய தேவை தள்ளிவைக்கப்பட்டது? சென்ற மாதமும் அதே பெயர்தானா? மாதந்தோறும் ஒரே பெயர் வருமானால், அந்த வீட்டின் கடைமடை எதுவென்று தெரிந்துவிடும். அடுத்த மாதம் நீர் அங்கிருந்து பாயத் தொடங்கட்டும்: மருந்து முதல் வரியில், வேலையாளின் கூலி இரண்டாம் வரியில், விருந்தும் புத்தாடையும் அதன்பின்.

துண்டு அப்போதும் விழலாம். வருவாய் ஒரே மாலையில் பெருகிவிடாது. ஆனால் விழுகின்ற துண்டை ஒருவர் மட்டும் தனியே சுமக்காமல் அனைவரும் பங்கிட்டுச் சுமக்கும் வீட்டில், வறுமை இருந்தாலும் அநீதி குடியிராது. நம் கணக்கு நோட்டுகளை இன்றே புரட்டிப் பார்ப்போம். எழுதாமல் விடப்பட்ட பெயர் எது என்று தேடுவோம்.