ஒளிவிழா மேடையிற் சைவப் பிள்ளைகள்

மன்னார்த் தீவிலும் அதனையடுத்த மாந்தை முதலிய கரையோர ஊர்களிலுமுள்ள பாடசாலைகள் பலவற்றில், ஆண்டிறுதியிலே கிறிஸ்து பிறப்புக் கொண்டாட்டம் ஒளிவிழா என்னும் பெயரால் நிகழ்தல் யாவரும் அறிந்ததே. நவராத்திரிக் காலத்து வாணிவிழாவும் அவ்வாறே நிகழ்கின்றது. 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி இம்மாவட்டத்திற் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர். எஞ்சினோருட் பெரும்பாலார் சைவரும் முஸ்லிம்களும். இவ்விழாக்களிலே பிறசமயப் பிள்ளை யாது செய்தல் தகும் என்னும் வினா ஆண்டுதோறும் எழுகின்றது. ஆசிரியர்களோ உடுப்பையும் ஒலிபெருக்கியையும் பற்றியே ஆலோசிக்கின்றனர்.

எல்லாம் ஒரே கடவுள்தானே, பாடினாலென்ன என்பர் சிலர். அதற்குச் சிவஞானசித்தியாரைச் சான்று காட்டுவதுமுண்டு. எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் நின்று அருள்பவன் சிவனே என்பது அந்நூலின் கருத்தென்பது மெய். ஆயின் அந்நூலே பரபக்கம் என ஒரு பகுதி வகுத்துப் பிறர் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கின்றது. அருணந்தி சிவாசாரியர் பிறர் வழிபாட்டை இகழ்ந்தாரல்லர், கொள்கைகளைக் குழப்பினாருமல்லர். அன்றியும், இயேசுநாதர் ஒருவரே இரட்சகர் என்று நம்பும் அயலவரிடம் எல்லாம் ஒன்றே என்பது அவருக்கு உபசாரமாகுமோ?

சைவப் பிள்ளை அம்மண்டபத்திற் காலும் வைத்தலாகாது என்பர் வேறு சிலர். இவரோடும் யாம் உடன்படேம். பாதிரிமார் பள்ளியிலே கற்ற யாம், தோழர் உள்ளே பாட விறாந்தையிலே தனித்து நின்ற சிறுவனைக் கண்டிருக்கின்றேம். தான் அயலான் என்பதொன்றே அவன் அங்குக் கற்ற பாடம்.

நாவலரவர்கள் பேர்சிவல் பாதிரியாருடைய பள்ளியிற் கற்று, அங்கே ஆசிரியராயுமிருந்து, விவிலியத்தைத் தமிழாக்குதற்கு அவருக்குத் துணைநின்றார். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தவரும் அவரே. மொழிபெயர்ப்போன் பிறர் கூற்றைப் பிறர் கூற்றாகவே தருகின்றான்; அதனால் தன் நெஞ்சுக்குப் பொய் சொன்னவனாகான். ஒளிவிழா நாடகத்தில் இடையனாய் வேடம் பூண்டு வரும் சைவச் சிறுவனும் அத்தன்மையனே. ஆர்மோனியம் வாசிப்பவளும், சோடனை கட்டுபவனும், முன்வரிசையிலிருந்து கேட்போரும் அவ்வாறே. செபம் அத்தகையதன்று. தன்னை இரட்சிக்கும்படி கைகூப்பிப் பாடும் பிள்ளை அதனைத் தன் கூற்றாகவே சொல்லுகின்றது. நம்பாததைக் கைகூப்பிச் சொல்லப் பழகிய நா, மார்கழி விடியலிலே திருவெம்பாவை ஓதுங்காலும் அவ்வாறே வெறிதே அசையும். பிள்ளை மதம் மாறிவிடுமென்று யாம் அஞ்சவில்லை. எம் அச்சம் இதுவே.

இவ்வளவுகோலை நம்மீதும் வைத்தல் வேண்டும். வாணிவிழாவிலே முஸ்லிம் சிறுமியின் நெற்றியிற் கேளாமலே சந்தனமிடுதலும், கத்தோலிக்கச் சிறுவனைச் சகலகலாவல்லிமாலை பாட நிறுத்துதலும் தகுமோ? நம்மவர் இவற்றைப் பண்பாடு என்று பெயரிட்டுத் தப்புகின்றனர். குமரகுருபர சுவாமிகள் அதனைக் கலைநிகழ்ச்சிக்கென்று பாடினாரல்லர்.

இக்கரையின் பழைய கணக்கு இருபாலும் கசப்பானது. 1544இல் மன்னாரிலே புதிதாகக் கிறிஸ்தவரானோரைக் கொல்வித்தவன் யாழ்ப்பாணத்துச் சைவ அரசன். பழைய திருக்கேதீச்சரத்தை இடித்தோர் போர்த்துக்கேயர். 2019இல் மகாசிவராத்திரிக்கு முதனாள் அத்தலத்து வீதிவளைவு பற்றிப் பிணக்கு மூண்டபோது, மேடைதோறும் பாடிய ஒற்றுமைப் பாட்டு அங்கே உதவவில்லை.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிச் சுதந்திரத்தை ஒவ்வொருவர்க்கும் உரியதாக்குகின்றது. ஒத்திகை தொடங்குமுன் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதி, எதிற் பங்குகொள்ளல் அவர்க்கு உடன்பாடு என்று கேட்டல் ஆசிரியர்க்கு அரியதொரு காரியமன்று. கிறிஸ்துவின் பெயரை மறைத்துப் பாடும்படி ஒளிவிழா நடத்துவோரைக் கேட்கவும் வேண்டா. அவர் பாட்டை அவர் முழுமையாகப் பாடுக, நாம் மரியாதையாய் இருந்து கேட்போம். வாணிவிழா ஆண்டில் முந்தி வருவதாதலின், அக்கடிதத்தை முதலில் எழுதவேண்டியோர் நாமே.