குப்பையில் கிடைத்த சாட்சியம்

எறிவதற்கென்றே அச்சிடப்பட்ட காகிதத்தைப் பேணிக் காப்பது அறிவுடைமையா, வீண் ஆசையா? தீப்பெட்டிப் படங்களையும் சோப்பு விளம்பர அட்டைகளையும் சேர்த்து வைப்போரைக் கண்டு நகைப்போர் பலர். ஜான் ஜான்சன் என்னும் ஆங்கிலேயர் நகைக்கவில்லை. முதல் உலகப் போருக்கு முன் எகிப்தின் பழங்குப்பை மேடுகளை அகழ்ந்து பாப்பிரசு ஏடுகளைத் தேடியவர் அவர். என்றோ ஒருவர் வீசியெறிந்த ஏடு, மறைந்துபோன மக்களின் வாழ்வை எடுத்துரைப்பதைக் கண்டார். பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் தலைமையை ஏற்றபோது, தம் நாட்டின் அன்றாடக் காகிதங்களையும் அவ்வாறே திரட்டினார். அத்திரட்டு 1968இல் அங்குள்ள பாட்லியன் நூலகத்தைச் சேர்ந்தது.

இத்தகைய திரட்டுகளில் கண்ணை முதலில் ஈர்ப்பவை வண்ணக் கல்லச்சுப் படங்களே. 1837இல் எங்கெல்மன் பிரான்சில் காப்புரிமை பெற்ற முறை இது. நெய்யும் நீரும் ஒட்டா என்பதே இதன் அடிப்படை. நெய்ப்பசை மையால் சுண்ணாம்புக் கல்லில் வரைந்து, கல்லை நனைத்தால், வரைந்த இடம் மட்டும் அச்சு மையை ஏற்கும். வண்ணத்திற்கு ஒரு கல். சில படங்களுக்கு இருபதுக்கும் மேற்பட்ட கற்கள். அத்தனை கல்லிலும் தாள் மயிரிழை பிசகாமல் பதிய வேண்டும். உருப்பெருக்கியால் நோக்கினால், கன்னத்தின் செம்மையில் கைவினைஞன் இட்ட புள்ளிகள் தெரியும். அவன் பெயரோ பெரும்பாலும் தெரிவதில்லை.

ஆயினும் இங்கேதான் ஒரு சோதனை எழுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சோப்பு விளம்பரங்கள் சில, கறுப்பினக் குழந்தையைக் கழுவி வெள்ளையாக்குவதாகக் காட்டின. இறைவன் அளித்த நிறத்தை அழுக்கென்று இழித்த படங்கள் அவை! வரைந்த கை தேர்ந்த கை. சொன்ன சொல்லோ பொய். இவற்றைச் சேர்ப்பவர் என் செய்வது? கிழித்தெறிவதா?

எறிவதே மானமுள்ள செயல் என்று தோன்றலாம். ஆனால் அழகியவற்றை மட்டும் காப்பவர், அக்காலம் அழகாகவே இருந்ததென்று வருங்காலத்திற்குப் பொய்யுரைக்கிறார். இழிவுபடுத்தப்பட்டோரின் வழக்கிற்கு அந்த அட்டையே ஆதாரம். சாட்சியத்தை மறைப்பது பாவமென்று நம் மறை கற்பிக்கவில்லையா?

அதற்காக அதனை வரவேற்பறைச் சுவரில் மாட்டி மகிழ்வதும் தகாது. சுவரில் மாட்டினால் அது அலங்காரம். உண்மையை அருகில் எழுதி ஏட்டில் வைத்தால் அது சாட்சியம். காகிதம் ஒன்றே, நிய்யத்துத்தான் வேறு. சேர்ப்பவர் தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ளட்டும்: நான் காப்பது என் ஆசையையா, பிறருடைய அமானிதத்தையா?